பெங்களூருக்கு ‘மிக அருகில்’ வீடு வாங்குவது எப்படி?

மனை பார்க்க ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். விற்பவரே கார் அனுப்புவார். பின்சீட்டில் தண்ணீர் பாட்டிலும் சமோசாவும் இருக்கும். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் ஈ காக்கை இருக்காது. சந்தாபுரா தாண்டி இறங்கியதும், “பாத்தீங்களா சார், அரை மணி நேரம்!” என்பார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இதே காரை அனுப்புவீர்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சமோசா கொடுத்த மனசு நோகும்.

அடுத்து திசைப் பொருத்தம். ஒயிட்ஃபீல்டில் வேலையா? நகரத்தின் மறுகோடியில் கெங்கேரி சாட்டிலைட் டவுனைப் பாருங்கள். எலக்ட்ரானிக் சிட்டியா? எலஹங்கா நியூ டவுன். நம் ஆட்கள் வாசல் கிழக்கு பார்த்திருக்கிறதா என்று எலுமிச்சம்பழத்தோடு போய் நிற்பார்கள். ஆபீஸ் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை.

கெங்கேரிக்காரருக்குக் கொடுப்பினை உண்டு. 2023 அக்டோபரிலிருந்து ஒரே மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு போய்விடலாம். 2025 பிப்ரவரியில் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. போக வர 180. மாதம் 22 நாளுக்கு 3,960. மெட்ரோ கார்டு வைத்திருந்தால் 5 சதவீதம் மிச்சம். அப்புறம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. முதல் இரண்டு கிலோமீட்டருக்கு மீட்டரில் 36 ரூபாய் என்பது 2025 ஆகஸ்டில் வந்த விதி. மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், அண்ணனுக்கு அவசரமாக ஒரு போன் வரும். வங்கிக்காரர் தவணைக் கணக்கு போடும் தாளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

“மெட்ரோ வருது சார்” என்றால் நம்புங்கள். வரத்தான் செய்யும். எலக்ட்ரானிக் சிட்டி தொடங்கியது 1978இல். மெட்ரோ வந்தது 2025 ஆகஸ்டில். இருபது வருஷக் கடன் இரண்டைக் கட்டி முடித்துவிட்டு ஏறலாம். அதுவும் ஆரம்பத்தில் 25 நிமிஷத்துக்கு ஒரு வண்டிதான்.

இதெல்லாம் ஆகாது, நம்ம ஊர்ப் பக்கமே போய்விடலாம் என்று ஓசூரில் வாங்கப்போகிறீர்களா? கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் வீட்டுக் கணக்கில் சேர்த்திருப்பீர்கள். அது கர்நாடக முகவரி இருப்பவர்களுக்கு. வீட்டம்மாவின் ஆதாரில் ஓசூர் முகவரி ஏறிய மறுநாள், எல்லை தாண்டியதும் அத்திப்பள்ளியில் கண்டக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சில்லறை கேட்பார்.