சரியான ரம்பம்

நம் ஊரில் ஒருவரை 'ரம்பம்' என்று சொன்னால், அவர் வாயைத் திறந்ததும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று பொருள். அவர் வீட்டில் நிஜ ரம்பம் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழைக்கும் டக்ளஸ் ஃபர் மரத்துக்கும் பஞ்சமே இல்லாத ஓரெகன், வாஷிங்டன் மாநிலங்களில், இரண்டு அர்த்தத்திலும் ரம்பமான ஆசாமிகள் ஊருக்கு ஒருவராவது தேறுவார்கள். பழைய செயின்சாக்களை, அதாவது எஞ்சினில் ஓடும் சங்கிலி ரம்பங்களை, வாங்கி வைத்து ஓட்டுகிறவர்கள். ஓட்ட முயல்கிறவர்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் கார்புரேட்டர் திருகும் சின்ன ஸ்க்ரூடிரைவர். நக இடுக்கில் எந்தச் சோப்புக்கும் மசியாத கறுப்பு. வீட்டில் இரண்டு கார் நிற்கிற கராஜ் இருக்கும். இரண்டு காரும் வெளியே மழையில் நிற்கும். கராஜுக்குள் கம்பெனிவாரியாக நவராத்திரிக் கொலு: மேல் படியில் மெக்கல்லக் மஞ்சள், அடுத்த படியில் ஹோம்லைட் சிவப்பும் நீலமும், அதற்குக் கீழே பூலான் பச்சை. மரப்பாச்சிக்குப் பதில் மக்னீசியம், அவ்வளவுதான்.

"மொத்தம் எத்தனை இருக்கு?" என்று கேட்டால் அவர், "ஓடறதைக் கேக்கறீங்களா, இருக்கறதைக் கேக்கறீங்களா?" என்பார். சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "ஓடறது மூணு. இருக்கறது எத்தனைன்னு எனக்குத் தெரியாதுன்னு அவர் நினைச்சிட்டிருக்கார்."

இந்த எண்ணிக்கை பெருகுவதில் ஒரு கணக்கு உண்டு. அறுபதுகளில் வந்து சக்கைப்போடு போட்ட ஹோம்லைட் எக்ஸ்எல்-12 ஒன்று அவரிடம் இருக்கிறது. எல்லாம் சரி, ஏர் ஃபில்டர் மேல் மூடி மட்டும் இல்லை. மூடிக்கு ஆறு மாதம் அலைகிறார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பனை. அதே மாடல், மூடியோடு. ஆனால் எஞ்சின் இறுகிப்போனது. மூடிக்காக முழு மெஷினையும் வாங்குகிறார். வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு ராத்திரி ஊறப்போட்டால், காலையில் பிஸ்டன் அசைகிறது. பார்த்தால் இரண்டாவது, முதலாவதைவிட நல்ல மெஷின்! அதில் ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் மட்டும்தான் முறிந்திருக்கிறது. முதலாவதிலிருந்து கழற்றலாம், ஆனால் கழற்ற மனசு வராது. ஆகவே ஸ்பிரிங்குக்காக மூன்றாவது. மூன்றாவது பார்சலில் வந்து சேரும்போது அதில் ஸ்பிரிங் இருக்காது. கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கல்யாணம் செய்துகொண்ட சாமியாரின் ஓரெகன் கிளை இவர்.

விற்கிறவர்களுக்கும் ஒரு பாஷை உண்டு. "கடைசியா ஓட்டினப்ப நல்லா ஓடிச்சு" என்றால், கடைசியாக ஓட்டியவர் காலமாகி இருபது வருஷம் ஆகிறது. "அபூர்வம்" என்றால் விலை ஏற்றியாகிவிட்டது. "சின்ன வேலைதான் பாக்கி" என்றால் அந்தச் சின்ன வேலையைத் தொடங்கிய யாரோ பாதியில் ஓடிவிட்டார், போகும்போது நாலு ஸ்க்ரூவையும் எடுத்துக்கொண்டு. போட்டோவில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால், உடைந்திருப்பது மறுபக்கம். நம்மவருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் வாங்குகிறார்.

பார்ட்ஸ் ஏன் இவ்வளவு கஷ்டம்? செய்த கம்பெனிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. பெயர்கள் மட்டும் கைமாறிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. ஹோம்லைட்டையே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரம் வராத வீடுகளுக்கு விளக்கெரிக்க ஜெனரேட்டர் செய்து கிளம்பிய கம்பெனி; பெயரில் 'லைட்' வந்த கதை அதுதான். 1955-இல் டெக்ஸ்ட்ரான் வாங்கியது, 1994-இல் டிராக்டர் புகழ் ஜான் டியர் வாங்கியது, அப்புறம் ஹாங்காங்கின் டிடிஐ கைக்குப் போனது. இத்தனை கை மாறிய வீட்டில் பழைய சாவிக்கொத்து யாரிடம் இருக்கும்?

மெக்கல்லக் கதை இன்னும் தமாஷ். இதைச் சொல்லத் தொடங்கினால் நம்மவர் காபியை மறந்துவிடுவார். கேட்கிறவரும் காபியை மறக்கவேண்டியதுதான், ஆறிப்போயிருக்கும். ராபர்ட் மெக்கல்லக் 1940-களின் கடைசியில் செயின்சா விற்க ஆரம்பித்தார். 1949-இல் வந்த அவருடைய 3-25 மாடல் 25 பவுண்டு, சுமார் பதினொன்றேகால் கிலோ. ஒற்றை ஆள் தூக்கி வேலை செய்யலாம் என்பதே அன்றைக்குப் பெரிய அதிசயம். 1929-இல் ஜெர்மனியின் ஷ்டீல் (Stihl) கம்பெனி கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. பல்லக்கு மாதிரி இரண்டு பேர் தூக்கவேண்டும். மெக்கல்லக்கிடம் பணம் கொட்டியது. அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு சிட்டி என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். ஊருக்கு ஜனங்களை வரவழைக்க, 1968-இல் லண்டன் மாநகரம் விற்பனைக்குப் போட்ட லண்டன் பாலத்தை 24 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பாலத்தைப் பிரித்து, கல்லுக்குக் கல் நம்பர் போட்டு, கடல் கடந்து கொண்டுவந்து, நம்பர் பார்த்து மறுபடி கட்டி, 1971-இல் திறந்தும் விட்டார்கள். இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

"கவனிச்சீங்களா?" என்பார் நம்மவர், விரலை ஆட்டி. "அந்தாளு லண்டன் பாலத்துக்கே பார்ட்ஸ் லிஸ்ட் வச்சிருந்தாரு. கல்லுக்குக் கல்லு நம்பர். அவரு கம்பெனி செஞ்ச ரம்பத்துக்கு எனக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைக்கல!"

அமெரிக்க மெக்கல்லக் கம்பெனி 1999-இல் திவாலானது. இன்று அந்தப் பெயர் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னாவிடம் இருக்கிறது. மெக்கல்லக் என்று பெயர் போட்ட புது மெஷின் கடையில் தொங்கும். அதன் எந்த உறுப்பும் இவருடைய பழைய 10-10 மாடலுக்குப் பொருந்தாது.

இதில் வேடிக்கை, உயிர்நிலை என்று நாம் நினைப்பதெல்லாம் கிடைக்கிறது. டில்லட்சன், வால்ப்ரோ கார்புரேட்டர்களுக்கு இன்றைக்கும் ரிப்பேர் கிட் வாங்கலாம். கிராங்க் சீலை காலிப்பரால் அளந்துகொண்டு போனால் பேரிங் கடைக்காரர் அதே அளவில் ஒன்றை எடுத்துப் போடுவார். செயின் தாராளம். கிடைக்காதவை மூடி, குமிழ், ரப்பர் குழாய், ஒரு அங்குல நீளத்துக்கு வளைந்த தகடு. யானையை வாங்கிக் கட்டிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற பிழைப்பு. சென்னையில் என்றால் பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டைக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றலாம். ஓரெகனில் ஒவ்வொருவரும் அவரவர் கராஜிலேயே ஒரு புதுப்பேட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செயின் பேச்சு வந்தால் ஜோசப் காக்ஸ் வந்தே தீருவார். 1946-இல், ஓரெகனில் மரம் வெட்டிக்கொண்டிருந்த காக்ஸ், ஒரு அடிமரத்தில் வண்டின் புழு குடைவதைப் பார்த்தார். புழு நேராகக் கடிக்கவில்லை. வலப்பக்கம் ஒரு கடி, இடப்பக்கம் ஒரு கடி. அதே மாதிரி இடதும் வலதுமாகப் பல் வைத்து ஒரு செயின் செய்தார். 1947-இல் போர்ட்லாந்தில் கம்பெனி தொடங்கினார். இன்றைய செயின்சாக்களின் பல்வரிசை அந்தப் புழுவின் வாய்வழி வந்ததுதான். நல்ல கதை. முதல் தடவை கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். நான்காவது தடவை கேட்பவர் அந்தப் புழுவின் மேல் பொறாமைப்படுவார். அதற்கு இந்தக் கதையைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லையே.

ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். அப்போது வாய் மூடிக்கொள்ளும், கை பேசும்.

புதிதாக வந்த பழைய மெஷினை முதலில் ஸ்டார்ட் செய்துபார்க்க மாட்டார். ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து, ரம்பத்தை அப்படியே தொங்கவிடுவார். பொத்தென்று இறங்கினால் கம்ப்ரெஷன் போய்விட்டது. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நின்று நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் தயங்கி இறங்கினால் முகம் மலரும். அடுத்தது ஃப்ளைவீலைக் கழற்றி, அடியில் இருந்து பொறி கிளப்பும் பாயிண்டைப் பார்ப்பார். பல வருஷம் சும்மா கிடந்ததில் முனைகள் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்து, பொறி வராது. மேஜையில் கிடக்கும் யாருடைய விசிட்டிங் கார்டையோ நடுவில் செருகி மெதுவாக இழுப்பார். கார்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழும். இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்து, பிளக்கை மெஷினின் உடம்பில் ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தால், நீலமாக ஒரு சொடுக்கு. நாற்பது வருஷம் தூங்கிய மெஷினுக்கு வைத்தியச் செலவு ஒரு விசிட்டிங் கார்டு.

பிறகு கார்புரேட்டர். ஆரம்ப கால ரம்பங்களில் மோட்டார் சைக்கிள் மாதிரி மிதவை வைத்த கார்புரேட்டர். மெஷினைச் சாய்த்தால் எஞ்சின் மூச்சு முட்டும். மெல்லிய சவ்வு ஒன்றைத் துடிக்கவைத்து பெட்ரோல் இழுக்கும் டயாஃப்ரம் கார்புரேட்டர் வந்த பிறகுதான் எப்படிச் சாய்த்தாலும், தலைகீழாகப் பிடித்தாலும் ஓட ஆரம்பித்தது. அந்தச் சவ்வு துணி மாதிரி துவண்டு கிடக்கவேண்டும். பழைய மெஷினைத் திறந்தால் பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். விரலால் தட்டினால் சத்தம் வரும். பெட்ரோல் குழாயோ தொட்டதும் பழைய ரப்பர் பேண்டாக ஒடியும். அமெரிக்க பங்க் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலப்பதால் அந்தக் காலத்து ரப்பருக்கு இன்னும் கேடு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக ஐம்பது கிலோமீட்டர் போய்வர அவர் சலிக்கமாட்டார்.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் என்ற கேள்வியை மட்டும் இரண்டு பேர் சேர்ந்திருக்கும்போது எழுப்பக் கூடாது. பழைய மெஷின்களின் லேபிளில் 16-க்கு 1 என்று போட்டிருக்கும். இன்றைய 2டி ஆயிலுக்கு 50-க்கு 1 போதும் என்பது புதுக் கட்சி. லேபிள் சொன்னதுதான் வேதம் என்பது பழைய கட்சி. கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் இவர்களைப் பார்த்திருந்தால் சமாதானமாகியிருப்பார்கள். பழைய கட்சிக்காரரைப் புகையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆயிலோடு நிற்காமல் பாயிண்டையே எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் சிப் வைக்கிறவர்கள் மூன்றாவது கட்சி. ஆசாரம் கெட்டவர்கள் என்று மற்ற இரண்டும் சேர்ந்து ஒதுக்கிவைக்கும்.

இந்த உலகத்தில் மிக உயர்ந்த பொருள் 'புத்தம் புதிய பழசு'. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஃபேக்டரியை விட்டு வந்து, மூடிப்போன ஏதோ டீலர் கடையின் பரணில், மஞ்சள் ஏறிய உறையில் இன்றுவரை யாரும் தொடாமல் கிடக்கும் பாகம். மூன்று வருஷமாகத் தேடிய அந்த ரப்பர் வளையம் அப்படி ஒரு நாள் தபாலில் வந்தேவிடும். உறைக்குமேல் கம்பெனி முத்திரை, அச்சடித்த பார்ட் நம்பர். நம்மவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மூக்கில் வைத்துப் பார்ப்பார். அப்புறம் டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்.

"மாட்டலையா?" என்பாள் மனைவி.

"மாட்டினா பழசாயிடுமே."

இந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது என்று ஒரு சந்தேகம். வளையத்தை மாட்டினால் மெஷின் ஓடிவிடும். ஓடிவிட்டால் அதோடு வேலை முடிந்தது. அதை வைத்து அவர் என்ன செய்வார்? வருஷத்துக்கு ஒரு தடவை இவரைப் போன்ற இருபது முப்பது பேர் யாராவது ஒருவர் தோட்டத்தில் கூடுவார்கள். ஒரே ஒரு பெரிய மரக்கட்டையைக் கிடத்திவைத்து, முறைபோட்டு ஆளுக்கொரு வட்டு அறுப்பார்கள். வட்டு யாருக்கும் தேவையில்லை. சத்தத்தைத்தான் கேட்க வருகிறார்கள். அதுவும் நூறு டெசிபலைத் தாண்டும் சத்தம் என்பதால் காதை அடைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இந்த மெஷின்களில் பெரும்பாலும் செயின் பிரேக் கிடையாது, அதிர்வு தாங்கும் ரப்பர் கிடையாது. இதே மாதிரி மெஷினை நாள் முழுக்கப் பிடித்து வேலை செய்த அந்தக் கால மரம்வெட்டிகளுக்கு விரல் மரத்து, குளிரில் வெளுத்துப்போகும் வியாதி வந்தது. நம்மவருக்கு அது வராது. மூன்று நிமிஷத்துக்குமேல் அவர் அறுத்ததில்லை.

நிஜமாகவே அறுக்கவேண்டிய நாள் குளிர்காலப் புயலோடு வரும். ராத்திரி அடித்த காற்றில் ஒரு கிளை முறிந்து வீட்டுப் பாதையில் குறுக்கே கிடக்கும். இந்த நாளுக்காகவே பிறந்தவர் போல அவர் கராஜுக்குள் ஓடுவார். எதை எடுப்பது என்று யோசிக்கக் கால் மணி நேரம். ஆயில் அளந்து கலக்கப் பத்து நிமிஷம். சோக்கை இழுத்து, கயிற்றை ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒன்பதாவது இழுப்பில் மெக்கல்லக் ஒரு தடவை இருமும். வெளியே அதற்குள் மெல்லியதாக ஒரு ரீங்காரம் கேட்டு நின்றிருக்கும்.

மழைக்கோட்டோடு மனைவி நிற்பாள், கையில் போன மாதம் வாங்கிய பேட்டரி ரம்பம். கிளை நாலு துண்டாகக் கிடக்கும்.

அவர் அந்த மெஷினைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கயிறு இல்லை, பிளக் இல்லை, திருக ஒரு ஸ்க்ரூ இல்லை.

"பத்து வருஷம் கழிச்சு இதுக்கு பேட்டரி கிடைக்குமா?"

"கிடைக்காது. அப்ப வேற வாங்கிப்போம்."

அன்று சாயங்காலம் அவர் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருப்பார். பேட்டரி ரம்பம் வந்த அட்டைப்பெட்டி, பிரிக்காத கையேடு, கூடவே வந்து யாருக்கும் வேண்டாத ஒரு சின்ன ஸ்பேனர். எல்லாவற்றையும் துடைத்து, ஒரு டப்பாவில் போட்டு, கொலுவின் கீழ்ப்படியில் இடம் பண்ணி வைப்பார். மேலே மார்க்கர் பேனாவால் மாடல் நம்பர், வாங்கிய தேதி, 'புதுசு, தொடாதது' என்று எழுதியிருக்கும்.