இடதுபுறம் திரும்புவது எப்படி?

நாஸ்கார் என்னும் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தை டிவியில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "சும்மா லெஃப்ட்லயே திருப்பிக்கிட்டு இருக்கான், இதை நானே ஓட்டுவேனே" என்று சொன்னவர்களுக்காக இந்த வழிகாட்டி. உங்கள் தன்னம்பிக்கைக்கு யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை.

முதலில் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். ஹுவான் பாப்லோ மொன்டோயா ஃபார்முலா ஒன்னில் ஏழு பந்தயங்களை வென்றவர். இடதுபுறம் மட்டுமே வளையும் ஓவல் தடமும் அவருக்குப் புதிதல்ல. 2000இல் இண்டியானாபொலிஸ் 500ஐ வென்றிருக்கிறார். அப்படிப்பட்டவர் நாஸ்காரின் முதல் பிரிவில் ஏழு சீசன் ஓட்டி இரண்டே வெற்றி பெற்றார். இரண்டும் வலமும் இடமும் வளையும் தடங்களில். ஓவலில் ஒன்றுகூட இல்லை. பாவம், அவருக்கு உங்களைப் போல் சோபாவில் அமர்ந்து பயிற்சி பெறும் வாய்ப்பு அமையவில்லை.

சரி, வண்டியில் ஏறுங்கள். எடை ஏறக்குறைய ஒன்றரை டன். உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மூன்று மணி நேரம் இறங்க முடியாது. ஸ்பீடோமீட்டரைத் தேட வேண்டாம், கிடையாது. டயர் மாற்ற பிட்டுக்குள் வரும்போது மட்டும் வேகக் கட்டுப்பாடு உண்டு. எஞ்சின் சுழற்சியை வைத்து நீங்களே வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். கணக்குத் தப்பினால் தண்டனை.

இப்போது இடதுபுறம் திருப்புங்கள். முன்சக்கரங்கள் சொன்ன பேச்சு கேட்காமல் வண்டி சுவரை நோக்கிப் போனால் அது டைட். பின்பக்கம் வழுக்கி வெளியே ஓடினால் லூஸ். லூஸ் ஆனால் ஸ்டீயரிங்கை வலதுபுறம் ஒடிக்க வேண்டும். ஆமாம், இடதுபுறம் போவதற்குத்தான்.

ரேடியோவில் "வண்டி ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் உங்கள் குழுத் தலைவருக்குப் போதாது. வளைவில் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? பதிலை வைத்துத்தான் டயரின் காற்றழுத்தத்தை மாற்றுவார்கள். பின்பக்கத்தில் ஸ்பானரை விட்டு ஒரு ஸ்பிரிங்கை அரைச் சுற்று முறுக்குவார்கள். அதனால் எதிரெதிர் மூலைச் சக்கரங்களில் எடை மாறி விழும். இருபது சுற்றுக்கு எல்லாம் சரியாக இருக்கும். அதற்குள் டயர் தேய்ந்து, பெட்ரோல் குறைந்து, மேகம் வந்து தடம் குளிர்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

டார்லிங்டனுக்குப் போனால் இன்னும் விசேஷம். நிலத்தை விற்றவர் தன் மீன்குளத்தில் கைவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதால், 1950இல் திறந்த அந்தத் தடத்தின் ஒரு முனையைக் குறுக்கிக் கட்டினார்கள். தடம் முட்டை வடிவமாகிவிட்டது. ஒரு முனைச் சாய்வு 25 டிகிரி, மறுமுனையில் 23. ஒன்றுக்குப் பொருந்தும்படி வண்டியைச் செட் செய்தால் மற்றதில் முரண்டு பிடிக்கும். எழுபது ஆண்டுக்கு மேலாக உலகத்தரம் வாய்ந்த ஓட்டுநர்கள் சில பொடிமீன்களுக்காகச் சுவரில் உரசிக்கொண்டிருக்கிறார்கள்.

டேட்டோனா தடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்புங்கள். பிறகு காற்றையும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். 1960இல் ஜூனியர் ஜான்சன், வேகம் குறைந்த ஒரு செவர்லேயை முன்னால் போகிறவர்களின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஓட்டி அங்கே பந்தயத்தை வென்றார். நீங்களும் ஒட்டலாம். அதிகம் ஒட்டினால் முன்வண்டியின் பின்பக்கத்தை அழுத்தும் காற்று குலைந்து அது சுழலும். உங்களுக்குப் பின்னால் முப்பது பேர் வருகிறார்கள்.

மார்ட்டின்ஸ்வில்லில் அரை மைலுக்குச் சற்றே கூடுதலான தடம். 500 சுற்று, இரண்டாயிரம் வளைவு. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் டிரக் பிரிவில் அறிமுகமானது இங்கேதான். இங்கே முக்கியம் வேகமல்ல, பிரேக். முதல் நூறு சுற்றிலேயே அதைத் தீர்த்துவிட்டால் மீதி நானூறுக்குப் பிரார்த்தனைதான்.

பிரேக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. 2022இல் ராஸ் சாஸ்டைன் என்ற ஓட்டுநர் இங்கே கடைசிச் சுற்றில் ஐந்தாவது கியர் போட்டு, வண்டியை வெளிச்சுவரில் சாய்த்து, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஐந்து பேரைத் தாண்டினார். சிறுவயதில் ஆடிய வீடியோ கேமில் கற்ற வித்தையாம். அதுவரை எந்த ஸ்டாக் காரும் அந்தத் தடத்தை அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை: 18.845 விநாடி. ஆஹா, இது நமக்கு ஏற்ற முறை என்று நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இனி இப்படிச் செய்தால் நேரத் தண்டனை என்று 2023லேயே நாஸ்கார் சொல்லிவிட்டது.