கரையிலிருந்தே ஏமாறும் ரசிகர்

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் கலாரசிகர் எனப் பெயரெடுத்தோருள் ஒரு வகையினர், எந்தச் சிற்பக் கண்காட்சிக்கும் ஏமாறுவதற்கு ஆயத்தமாகவே புறப்படுவர். பெரும்பாலும் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவரான இவர், மாலையில் டச்சு விரிகுடாக் கடற்கரையில் கடலை கொறித்தவாறே நாட்டின் கலைகள் அனைத்துக்கும் தீர்ப்பு வழங்குவார். கடலை தீர்ந்தாலும் தீர்ப்புத் தீராது.

இவரது இயல்பு முழுமையாக வெளிப்படும் இடம் திருகோணமலையின் சாண்டி பே கடற்பகுதி ஆகும். இலங்கைக் கடற்படை 2020ஆம் ஆண்டில் அங்கு நீரடி அருங்காட்சியகம் ஒன்றை அமைத்தது. நீரடி அருங்காட்சியகம் என்பது சிற்பங்களைக் கடலின் அடித்தரையில் நிறுத்தி, காலப்போக்கில் அவற்றின்மேல் பவளம் வளரவும் மீன்கள் குடியேறவும் விடும் ஏற்பாடாகும். ஜேசன் டி கெயர்ஸ் டெய்லர் என்னும் பிரித்தானியச் சிற்பி 2006இல் கரிபியன் தீவான கிரெனடாவில் இத்தகைய சிற்பப் பூங்காவைத் தொடக்கி வைத்தார். சிற்பி பாதியில் விட்ட வேலையைக் கடல் தொடர்வதே இக்கலையின் நோக்கம் என்று விளக்கினால், நம் ரசிகர் கேட்பது ஒன்றுதான்: “அப்ப முகம் தெரியாதே, தம்பி?” படகுக்கார இளைஞன் பணிவோடு, “மீனுக்குத் தெரியும், ஐயா” என்பான்.

முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கியறியாத இவர், கனடாவிலிருந்து வந்த மருமகனை மார்கழியில், அதாவது வடகீழ்ப் பருவமழை கடலைக் கலக்கும் காலத்தில், அழைத்துச் சென்று, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கரையில் நின்று, பழுப்பு நீரைக் கூர்ந்து நோக்கியபின், “சிற்பத்தில் உயிரில்லை” என முடிவு கூறுவார். உண்மையில் உயிர் மிகுந்திருப்பதே அச்சிற்பங்களின் சிறப்பு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு மருமகனுக்கு இராது.

இவர் கையிலுள்ள அளவுகோல் 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கோணேசர் கோயில் திருமேனிகளே. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த காலத்தில் மறைத்து வைக்கப்பட்டவையாகக் கருதப்படும் அவற்றுள், சிவனும் உமையும் குழந்தை முருகனோடு அமர்ந்த சோமாஸ்கந்த வடிவமும் ஒன்று. அவற்றின் அழகில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அக்கோயில் நிற்கும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கண்ட தூண்களையும் சிதைவுகளையும், முகமே இல்லாத கற்களாயினும், கண்கலங்கப் போற்றும் இவர், கடலிலிருந்து எடுத்தால் தெய்வம், கடலில் இறக்கினால் சீமெந்து என்ற கொள்கையில் அசையாதவர். இக்கணக்குப்படி சாண்டி பே சிற்பங்கள் இவரது பாராட்டைப் பெற இன்னும் முந்நூறு ஆண்டுகளேனும் ஆகும்.

அவ்வளவு காலம் பொறுக்க இயலாதோர், கிழக்குக் கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில், பயிற்சி பெற்ற சுழியோடி ஒருவரின் துணையுடன் இறங்கிப் பார்ப்பாராக. ரசிகரைக் கடலைக்காரரிடம் விட்டுச் செல்வது இரு தரப்புக்கும் நலம்.