சின்ன நோட்டை விட்டுராதீரும், மருமவனே!

மருமவனே, தறிக்கூடத்துக்கு ஈஆர்பி வாங்கப் போறீராமே! நூல் கொள்முதல், பாவு, கூலி, சேலை ஸ்டாக், ஜிஎஸ்டி பில்லு எல்லாம் ஒரே இடத்துல நிக்குமாம். நிக்கட்டும். அது உருப்படாமப் போறதுக்கு நாலு வழி சொல்லுதேன், குறிச்சுக்கிடும்.

மொதல்ல, தீவாளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம் பாத்து ஆரம்பியும். அமெரிக்காவுல ஹெர்ஷேன்னு மிட்டாய்க் கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சான். நாலு வருச வேலையை ரெண்டரை வருசத்துக்குள்ள அமுக்கி, 1999 ஜூலையில மொத்தமாத் திறந்துவிட்டான். அவுக ஊரு ஹாலோவீன் பண்டிகை வந்துச்சு. கிடங்குல மிட்டாய் குமிஞ்சு கெடக்கு, கடைக்குப் போவ வழியில்ல. 10 கோடி டாலர் ஆர்டர் கைநழுவிப் போச்சு.

அடுத்து, நம்ம பழக்கம் எதையும் மாத்தாதீரும். மென்பொருளை மாத்தச் சொல்லும். ஜெர்மனி லிடல் கடைக்காரன் சரக்கை வாங்குன விலையில கணக்கு வைக்கிறவன். அவன் வாங்குன எஸ்ஏபி மென்பொருள் விக்கிற விலையில வைக்கும். தன் வழக்கத்தை விடாம மென்பொருளை வெட்டி ஒட்டிக்கிட்டே இருந்தான். 2011ல தொடங்கி 50 கோடி யூரோவரை கரைஞ்சு, 2018ல மூட்டை கட்டுனான். நம்மட்ட அம்புட்டு இல்லையேன்னு வெசனப்படாதீரும். இருக்கிறதைத் தொலைச்சாப் போதும்.

மூணாவது, தறி ஓட்டுறவரைக் கூப்பிட்டு எதுவும் கேட்டுராதீரும். ஏசி ரூமுல இருக்க பையன் ஒரு பாவுக்கு இத்தனை சேலைன்னு எழுதட்டும். இழை அறுகிறதும் கரண்டு போறதும் கழிவு விழுறதும் அவனுக்கு எதுக்கு?

கடைசியா, கல்லாவுக்கு அடியில இருக்க அந்தச் சின்ன நோட்டு. அதை உசுரு போனாலும் விடாதீரும். நம்ம கோவில்ல சங்கரனும் நாராயணனும் ஒரே உருவத்துல பாதிக்குப் பாதி நிக்காக. சாமிக்கு அது பொருந்தும், பாதி நோட்டுல பாதி கம்ப்யூட்டர்லன்னு ஸ்டாக்குக்குப் பொருந்துமா? மொதலாளி எந்த நோட்டைப் பாக்காருன்னு கணக்குப்பிள்ளை ரெண்டே நாள்ல கண்டுக்கிடுவாரு. பெறவு அதுலதான் நிசம் எழுதுவாரு. கம்ப்யூட்டர்ல வாய்க்கு வந்ததைத் தட்டிவிடுவாரு.

இந்த வழியெல்லாம் ஒத்துவரலையா? அப்பம் ஆர்டர் மந்தமான மாசத்துல நூல் கணக்கை மட்டும் ஏத்தும். தறிக்காரரைப் பக்கத்துல இருத்தி, கெடங்குல எண்ணுனதும் திரையில தெரியுததும் ஒத்து வருதான்னு பாரும். வந்தா கூலிக்குப் போவும். சின்ன நோட்டை எங்கிட்ட குடுத்துரும். நான் பிரிச்சே பாக்க மாட்டேன். உம்ம அத்தை கேட்டா மட்டும் வாசிச்சுக் காட்டுவேன்.