கட்டத்தில் அடங்காத பாட்டி

குற்றவியல் மாணவருக்கு ஆய்வு முறைகளில் முதல் சோதனை, மாதிரி எடுப்பது. ஊரில் எவர் பெயரும் வரக்கூடிய விதத்தில் குலுக்கிப் போட்டு ஆளெடுக்கச் சொல்கிறது புத்தகம். நடைமுறையில் சிக்குபவர்கள் விடுதி நண்பர்களும் மெஸ் அண்ணனும்தான். இதற்கும் 'வசதி மாதிரி' என்று கௌரவமான பெயர் இருப்பதால் மனசாட்சி உறுத்தாது.

அடுத்து வினாப்பட்டியல். மனப்பான்மையை ஐந்து கட்டங்களில் அளக்கலாம் என்று 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் காட்டிவிட்டார். அந்தக் கட்டங்களோடு பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பாட்டியிடம் போகிறார் மாணவி.

"இரவில் தனியாக நடக்க அஞ்சுகிறேன். முற்றிலும் உடன்படுகிறீங்களா பாட்டி?"

"பயந்தா பொழப்பு ஓடுமா கண்ணு? போன மாசம் சுருக்குப்பையை அறுத்துட்டுப் போனான் பாரு, அதை எழுதிக்கோ."

அதை எழுதக் கட்டமில்லை. 'கருத்தில்லை' என்பதில் ஒரு டிக்.

போலீஸ் கணக்கில் ஏறாத குற்றங்களைத் தேடித்தான் மக்களிடமே நேரில் கேட்கும் இத்தகைய ஆய்வுகள் பிறந்தன. பாட்டியின் சுருக்குப்பை இப்போது ஆய்வுக் கணக்கிலும் ஏறவில்லை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் மட்டும் மூன்று தசம இடம் வரை துல்லியமாக விடை சொல்கிறது.

கேள்வி தயாரிக்கப் பல வகுப்புகளை ஒதுக்கும் பாடத்திட்டம், பதிலுக்குக் காது கொடுக்க ஒரு பிரீயடாவது ஒதுக்கட்டும்.