‘பக்கம்’ என்னும் அளவை: தமிழர் ஊர் சொல்லும் முறை பற்றி ஓர் ஆய்வு

நிலத்துக்குச் சென்ட், நெல்லுக்கு மரக்கால், பூவுக்கு முழம் என்று எதற்கும் ஓர் அளவை வைத்திருக்கும் தமிழர்கள், சொந்த ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல மட்டும் ‘பக்கம்’ என்ற ஒன்றையே நம்பியிருக்கிறார்கள். ‘மதுரை பக்கம்’ என்றால் மதுரையிலிருந்து நாலு கிலோமீட்டராகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். சொல்பவர் சென்னையில் நின்று சொன்னால் தொண்ணூறு வரை நீளும். இந்த அளவையின் தன்மை, பயன்பாடு, அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் பெருமை ஆகியவற்றை முறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களங்கள் ரயில் பெட்டி, டீக்கடை, கல்யாணப் பந்தி. நிதியுதவி எவரிடமும் கோரப்படவில்லை. கோரியிருந்தாலும் கொடுப்பவர் முதலில் “உங்களுக்கு எந்த ஊர்?” என்றுதான் கேட்டிருப்பார்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து கிளம்பி மதுரா வருவதற்குள் எதிரெதிர் இருக்கைக்காரர்கள் இருவரிடையே நடக்கக்கூடிய உரையாடலை முதல் சான்றாகக் கொள்வோம்.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு?”

“திருநவேலி.”

“திருநவேலில எங்க?”

“சங்கரன்கோவில் பக்கம்.”

“பக்கம்னா?”

“கரிவலம்.”

“அட, நமக்குச் சேந்தமரம்லா!”

அதற்குப் பிறகு ஆக்ரா வரும்போது இருவரும் ஒரே பொட்டலத்தில் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியது, கேட்டவருக்குப் பாதி விடை கேள்விக்கு முன்பே தெரியும் என்பதுதான். எதிரே இருந்தவர் போனில் ‘ஏலே’ என்று பேசியதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் ‘அண்ணாச்சி’யைத் தொடுத்தார். ‘ஏனுங்க’ காதில் விழுந்திருந்தால் வேறு கணக்கு, ‘அங்கிட்டு இங்கிட்டு’ விழுந்திருந்தால் வேறு கணக்கு, ‘மக்கா’ விழுந்திருந்தால் நேரே நாகர்கோவில்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. ஊரை விட்டு விலகும் தூரம் கூடக் கூட, சொல்லும் ஊரின் பரப்பும் கூடும். கரிவலம்வந்தநல்லூர்க்காரர் சங்கரன்கோவில் சந்தையில் நின்றால் தெருவின் பெயரைச் சொல்வார். திருநெல்வேலி ஜங்ஷனில் அவருக்கு ஊர் சங்கரன்கோவில். சென்னையில் திருநெல்வேலி. தில்லி அலுவலகத்தில் யார் விளக்கிக்கொண்டிருப்பது என்று சென்னை. அமெரிக்காவில் தென்னிந்தியா, அங்கே ஆலப்புழைப் படகு வீட்டின் படம் காட்டினால் அதையும் மறுக்க மாட்டார்.

துணை விதி ஒன்றும் உண்டு. பரப்போடு சேர்ந்து பெருமையும் பெருகும். ஊரில் இருந்தவரை வராத பஸ்ஸையும் குழி விழுந்த ரோட்டையும் திட்டித் தீர்த்தவர், தாம்பரம் தாண்டியதும் தாமிரபரணியின் தூதராகிவிடுகிறார். திருநெல்வேலியிலேயே இருப்பவர்கள் தாமிரபரணியைப் பற்றிப் பேசுவதில்லை. குளித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.

இந்த விதிகளை அரசாங்கம் மதிப்பதில்லை என்பது ஆய்வுக்கு ஒரு தடை. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது இங்கே இருந்தவை 13 மாவட்டங்கள். இன்று 38. சங்கரன்கோவில் 2019இலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ரயிலில் போகும் அண்ணாச்சியின் வாயில் அரசாணை இன்னும் அமலுக்கு வரவில்லை. மயிலாடுதுறையில் 1980இல் பிறந்தவர் வீடே மாறாமல் மூன்று மாவட்டங்களில் குடியிருந்துவிட்டார்: 1991 வரை தஞ்சாவூர், பிறகு நாகப்பட்டினம், 2020இலிருந்து மயிலாடுதுறையே தனி மாவட்டம். அவர் பாட்டுக்கு ‘மாயவரம்’ என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அரியலூர்க்காரர்களின் பொறுமைதான் பொறுமை. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூருக்குப் போனார்கள், 2001இல் தனி மாவட்டமானார்கள், 2002இல் மறுபடி பெரம்பலூரில் சேர்க்கப்பட்டார்கள், 2007இல் மறுபடி தனியானார்கள். ‘எந்த மாவட்டம்?’ என்ற கேள்விக்கு அவர்கள் ‘என்றைக்கு?’ என்று திருப்பிக் கேட்டால் அதில் குற்றம் காண முடியாது.

பேருந்துகளும் ஒரு காலத்தில் ஊர் சொல்லின. கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், மதுரைக்குப் பாண்டியன், சென்னைக்குப் பல்லவன், நெல்லைக்குக் கட்டபொம்மன், நாகர்கோவிலுக்கு நேசமணி. அயலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சேரன் பஸ்ஸைப் பார்த்தாலே கோவைக்காரருக்கு வீட்டு ஆளைப் பார்த்த தெம்பு வரும். இந்தப் பெயர்கள் 1997இல் மொத்தமாக நீக்கப்பட்டன. காரணம் சிரிப்பதற்கு உரியதல்ல. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல் மூண்டது. அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றவர்கள் இருந்தார்கள். கடைசியில் எல்லாத் தலைவர்களின், எல்லா மன்னர்களின் பெயர்களும் பேருந்துகளிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் இறக்கப்பட்டன.

இதையொட்டி ஆய்வாளர்கள் பொதுவாகத் தவிர்க்கும் ஓர் இடத்தையும் தொட வேண்டியிருக்கிறது. ‘எந்த ஊர்?’ என்பது பெரும்பாலும் அன்பான கேள்விதான். அடுத்து வரும் ‘ஊருக்குள்ள எங்க? எந்தத் தெரு?’ அப்படியல்ல. ரயிலில் புளியோதரையைப் பிரிக்கும் கை, இந்த இரண்டாம் கேள்விக்கு வரும் விடையைப் பொறுத்துப் பொட்டலத்தைத் திரும்பவும் கட்டிவிடக்கூடும். அதை முன்கூட்டியே உணர்ந்து ‘பக்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அளவையின் தெளிவின்மை ஒரு குறையே அல்ல, பாதுகாப்பு. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தது 2025இல். அதுவரை ஒரு முகவரியே சாதிச் சான்றிதழின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஊர்ப் பெருமையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை விட்டுவிட்டு அல்வாவுக்குத் தாவுவது நேர்மையாகாது. சொல்லியாயிற்று, இனித் தாவலாம்.

அல்வாவுக்கு முன் வரலாற்றுப் பின்புலம். இந்தப் பழக்கம் நேற்று வந்ததல்ல. சங்கப் புலவர்களின் பெயர்களைப் பார்த்தால் அரைப் பட்டியல் தபால் முகவரி. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்றால் ஊர், தொழில், பெயர் மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஊரோடு விடாமல் சேரியையும் குறித்திருக்கிறார். பின்கோடு ஒன்றுதான் பாக்கி. ஒக்கூர் மாசாத்தியார், ஆலங்குடி வங்கனார், கோவூர் கிழார் என்று வரிசை நீளும். இதில் முத்தாய்ப்பு, எல்லா ஊரையும் தன் ஊராகக் கருதிய புறநானூற்றுப் புலவர். அவர் பெயர் கணியன் பூங்குன்றனார். அந்தப் பூங்குன்றம் சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பார்கள். உலகம் முழுவதையும் உறவாக்கிக்கொண்டவரும் கையெழுத்துப் போடும்போது சொந்த ஊரை விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இசைக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். அங்கே ஆளின் பெயர் உதிர்ந்து ஊர் மட்டும் நின்றது. செம்மங்குடி பாடினார், அரியக்குடி கச்சேரி செய்தார், முசிறி உருக்கினார், காருகுறிச்சி வாசித்தார் என்று ரசிகர்கள் பேசினார்கள். செம்மங்குடியைக் கண்ணால் பார்த்திராத ஆயிரக்கணக்கானோர் செம்மங்குடியின் தோடியைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். இக்காலத்தில் அந்த இடத்தை வண்டி நம்பர் பிடித்துக்கொண்டது. சென்னை சிக்னலில் நிற்கும் டி.என். 72 என்ற தகட்டைப் பார்த்து, முன்பின் தெரியாத இன்னொரு 72 புன்னகை செய்கிறது. 58, 59 என்றால் மதுரை, 38 என்றால் கோவை, 74 என்றால் நாகர்கோவில். வீட்டுக் கல்யாண நாள் மறந்துபோகிறவர்களுக்கும் இந்த எண்கள் மறப்பதில்லை.

அடைமொழிகளை ஆராய்ந்தால் ஒரு வினோதம் தென்படுகிறது. கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர். சிவகாசி குட்டி ஜப்பான். பாளையங்கோட்டை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு. கும்பகோணம் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ், 1854இல் தொடங்கிய அரசுக் கல்லூரியின் புண்ணியத்தில். சென்னை இந்தியாவின் டெட்ராய்ட். மதுரை கிழக்கின் ஏதென்ஸ். அது போதாதென்று தூங்கா நகரம். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இருந்தும் இரண்டுக்கும் இடையே படகுப் போட்டி நடக்காமல் இருப்பதற்கு, ஒன்று தாமிரபரணிக் கரையிலும் மற்றொன்று காவிரிக் கரையிலும் அமைந்துவிட்டது ஒரு காரணம். காவிரியில் வருஷத்தில் சில மாதங்கள் படகைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது இன்னொரு காரணம். இதில் வருந்தத்தக்கது ஒன்றுதான்: தங்கள் ஊரை ‘வட இங்கிலாந்தின் கோயம்புத்தூர்’ என்று அழைத்துக்கொள்ள மான்செஸ்டர்காரர்களுக்கு இதுவரை தோன்றவில்லை.

இனி இவ்வாய்வின் முக்கியமான முடிவு. ஊர்கள் எதைச் சொல்லி மார் தட்டுகின்றனவோ, அது பெரும்பாலும் வேறெங்கிருந்தோ வந்தது. திருநெல்வேலி அல்வாவின் புகழுக்குக் காரணமான கடையை நடத்திவருவது ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பத்தின் வாரிசுகள். மதுரையின் சுங்குடிச் சேலை சௌராஷ்டிர நெசவாளர்களின் கைவண்ணம். ஜிகர்தண்டாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெயரே காட்டிக்கொடுத்துவிடும். காஞ்சிபுரம் பட்டுக்கு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிபுரம் தருவது தறியும் கையும், அவற்றை விடப் பெரிய பெயரும். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதில்தான் குட்டி ஜப்பான் பற்றிக்கொண்டது. வந்தாரை வாழவைப்பது என்று பேசுகிறோமே, உண்மையில் வந்தவர்கள்தான் ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதை அந்தந்த ஊர்க்காரர்களிடம் உரக்கச் சொல்லும் துணிவு இந்த ஆய்வுக்கு இல்லை. எழுத்தில் மட்டும் பதிவு செய்கிறது.

வாய்ப் பெருமைக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்துவிட்டது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. மதுரை மல்லி 2013இல் குறியீடு பெற்றது. பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திண்டுக்கல் பூட்டு மூன்றும் 2019இல், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல், மணப்பாறை முறுக்கு 2023இல். முன்பெல்லாம் ‘எங்க ஊர் முறுக்கு மாதிரி வருமா?’ என்று கேட்டால் வாக்குவாதம். இப்போது அதற்குப் பதிவு எண் உண்டு. கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகை மட்டும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நெடுகப் பித்தளை டபராவோடு மின்னிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாலையோ கும்பகோணத்துக்குப் போகவே போகாது.

எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. இங்கே அது சென்னை. ‘சொந்த ஊர் எது?’ என்பதற்குச் ‘சென்னை’ என்று பதில் சொன்னால் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. “அது சரி, சொந்த ஊர்?” என்பார்கள். அப்பாவும் சென்னைதான் என்றால் தாத்தாவுக்குப் போவார்கள். ராயபுரத்தில் நாலு தலைமுறையாக இருப்பவர்கூடக் கடைசியில் செய்யாறு, திண்டிவனம் என்று எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் கேட்பவர்கள் மேலும் தப்பில்லை என்று தோன்றும். இந்தக் குறையைப் போக்க 2004இலிருந்து ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் கிடைத்த நாள் அது. மனை விற்பனையில் பிறந்த ஊர் மனை விற்பனையிலேயே வளர்ந்துகொண்டிருப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது.

மிச்சமிருப்பது தண்ணீர். எந்த ஊர்ப் பண்டத்தின் ருசிக்கும் கடைசிக் காரணமாகச் சொல்லப்படுவது அந்த ஊர்த் தண்ணீர்தான். அல்வாவுக்கும் அதுதான், பிரியாணிக்கும் அதுதான், காபிக்கும் அதுதான். இந்தக் கருதுகோளைப் பொய்ப்பிக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. அதே அல்வா வேறு ஊரில் சரியாக வரவில்லை என்றால் தண்ணீர் சரியில்லை. சரியாக வந்துவிட்டால் மாஸ்டர் நம்ம ஊர்க்காரர். கோவைக்காரர்கள் இன்னும் திட்டவட்டமானவர்கள்: சிறுவாணித் தண்ணீர் உலகிலேயே சுவையில் இரண்டாவது என்பார்கள். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் என்பதை அவர்களிடம் நினைவூட்டுவது மரியாதைக் குறைவு. முதலிடம் எந்தத் தண்ணீருக்கு என்பதையும் கோவையில் கேட்க வேண்டாம், அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. திருநெல்வேலியில் கேளுங்கள், கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்.