தேவாங்கு பெற்ற கண்டம்

கேள்வி: லெமூரியா கண்டம் உண்மையில் எங்கே இருந்தது? (வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்)

பதில்: உங்கள் ஊரில்தான்! 1864இல், லண்டன் விலங்கியல் கழகச் செயலாளர் பிலிப் ஸ்கிளேட்டரின் பேனாவில் பிறந்தது அது. லெமூர்கள் மடகாஸ்கரில் ஏராளம். அவற்றின் பங்காளிகள் ஆப்பிரிக்காவிலும் உண்டு, இந்தியாவில் தேவாங்காகவும் உண்டு. நடுவிலோ பெருங்கடல். கப்பல் டிக்கெட் எடுக்கும் பிராணி இல்லையே தேவாங்கு! ஆகவே நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். முட்டாள்தனம் என்று சிரிக்க வேண்டாம். கண்டங்கள் நகரும் என்று ஜெர்மன் விஞ்ஞானி வெகனர் சொன்னதே 1912இல்தான். அதையும் உலகம் ஏற்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. நிலம் நகர்ந்தது என்று தெரிந்தபின், மூழ்கிய நிலத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று பார்த்து வழியனுப்ப மனிதன் கிடையாது, தமிழனும்தான்.

‘அப்படியானால் பாண்டியனின் நாட்டை விழுங்கியதாக இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் பொய்யா?’ என்று கோபப்படுவீர்கள். கடல் நிலத்தை விழுங்கியது மெய்தான். கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்குப் பிறகு கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் உயர்ந்தது. இலங்கைக்கு நடந்தே போகும் வழி அப்படித்தான் மறைந்தது. ஆனால் கரை போனதற்குக் கண்டமே போனதாகக் கணக்கெழுத முடியாது. உரைகாரர் பேசியது பாண்டியனின் நாட்டை; ஸ்கிளேட்டர் தேடியது லெமூரின் பாதையை. இரண்டையும் முடிச்சுப்போட்டவர்கள் நாம். கண்டம் போனாலும் தேவாங்கு இருக்கிறது: அதற்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 11,806 ஹெக்டேர்.